லண்டன் மேடையில் ஒரு தேயிலைத் தோட்டம்

1904ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி, லண்டன் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய கிரான்போர்ன் தெருவில் இருந்த டேலீஸ் தியேட்டரில் ஒரு புதிய நாடகம் அரங்கேறியது. திரை விலகியதும் இலங்கையின் தேயிலைத் தோட்டம் ஒன்று மேடையில் விரிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களாக வேடமிட்ட ஆங்கிலப் பெண்கள் பாடினார்கள், ஆடினார்கள். தோட்டத்துத் துரை காதலில் உருகிப் பாடினார். கண்டிப் பிரபு ஒருவர் வந்தார், வழக்கறிஞர் ஒருவர் வந்தார், காணாமற்போன கருமுத்து ஒன்றுக்காக எல்லாரும் அலைந்தார்கள். கடைசியில் காதல் ஜெயித்தது. 'தி சிங்களீ' என்ற அந்த இசை நகை நாடகம் அடுத்த ஆண்டு மார்ச் 11 வரை ஓடியது. மொத்தம் 365 காட்சிகள்.

இன்று நாடக வரலாற்று நூல்களில் இதற்குக் கிடைப்பது ஒரு பத்திதான். இதைவிட அதிகம் ஓடிய நாடகங்கள் உண்டு, இதைவிடப் புகழ்பெற்ற பாடல்களைத் தந்தவையும் உண்டு. ஆனாலும் தமிழில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இலங்கை மலையில் அந்தக் காலத்தில் கொழுந்து கிள்ளிய விரல்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் விரல்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் அவர்கள். அவர்களுடைய வேலையை நடுமேடையில் வைத்து ஓராண்டு கொண்டாடிய நாடகத்தில் அவர்கள் இல்லை. எப்படி இப்படி ஆனது என்பதை இந்த நாடகம் பிறந்து, பயணம் போய், மறைந்த கதையின் வழியேதான் புரிந்துகொள்ள முடியும்.

நாடகத்துக்கு முன்னால் போன சரக்கு

இந்த நாடகத்துக்கு விதை போட்டது தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்போது மலையகம் முழுக்கக் காப்பிதான். 1869இல் காப்பி இலையில் துருநோய் தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூளாகத் தொடங்கிய அந்தப் பூஞ்சை, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழிலையே முடித்துவிட்டது. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்கள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். 1873இல் லண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் மலைச்சரிவு தேயிலைக்கு மாறியிருந்தது.

1890இல் தாமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். கிளாஸ்கோவில் மளிகைக் கடையில் தொடங்கியவர் அவர். இடைத்தரகர் இல்லாமல், பொட்டலத்தில் அடைத்து, சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் தேயிலை விற்றார். 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்காடில்லியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. துணையாள் இல்லாமல் ஒரு பெண் தனியே போய் உட்கார்ந்து தேநீர் அருந்தக்கூடிய கௌரவமான இடம் என்று அத்தகைய கடைகள் பெயர் எடுத்தன. பகல் காட்சிக்குப் போய்விட்டுத் தேநீர்க் கடையில் உட்காருவது நடுத்தர வர்க்கத்தின் பழக்கமாகிக்கொண்டிருந்த காலம் அது.

ஆக, 1904இல் 'சிலோன்' என்ற பெயர் லண்டன்வாசிக்கு அன்னியமான பெயராக இல்லை. தினமும் காலையில் தேயிலைப் பொட்டலத்தின் மேல் வாசித்த பெயர் அது. பெயர் தெரியும், ருசி தெரியும், ஊர் தெரியாது. ஒரு நாடக முதலாளிக்கு இதைவிட வசதியான களம் கிடைக்குமா? மக்கள் ஏற்கெனவே ஆசைப்படும் இடம். ஆனால் மேடையில் காட்டுவது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவர்கள் அரங்கில் மிகச் சிலர்.

ஜார்ஜ் எட்வர்ட்ஸின் பட்டறை

அந்த நாடக முதலாளி ஜார்ஜ் எட்வர்ட்ஸ். 1890களில் மியூசிக்கல் காமெடி என்ற வடிவத்தை லண்டனில் நிலைநிறுத்தியவர். அதற்கு முன் கில்பர்ட்டும் சல்லிவனும் சவாய் தியேட்டரில் எழுதிய நகைச்சுவை ஓப்பராக்கள் கோலோச்சின. அவற்றில் சொல்லுக்கும் இசைக்கும் கறாரான கட்டுக்கோப்பு இருந்தது. எட்வர்ட்ஸ் அந்தக் கட்டுக்கோப்பைத் தளர்த்தினார். புதுப் பாணி உடைகள், அழகிய கோரஸ் பெண்கள், முணுமுணுக்க எளிதான பாடல்கள், சிரிக்கவைக்கும் ஒருவர், காதலில் உருகும் ஒருவர், இவற்றைக் கோக்க ஒரு கதை. கெய்ட்டி தியேட்டரில் அன்றைய நாகரிகத்தைக் காட்டும் லேசான நாடகங்களையும், டேலீஸ் தியேட்டரில் காதலும் இசையும் கொஞ்சம் கனமான நாடகங்களையும் அவர் நடத்தினார்.

டேலீஸுக்கு அதிர்ஷ்டம் கிழக்கிலிருந்து வந்தது. 1896இல் ஜப்பானைக் களமாக வைத்த 'தி கெய்ஷா' 760 காட்சிகள் ஓடியது. ஐரோப்பா முழுக்கப் பரவி ரஷ்யாவின் சிறு நகரங்கள்வரை போனது. செகாவ் தன் 'நாய்க்கார சீமாட்டி' கதையில் காதலர்கள் மறுபடி சந்திக்கும் இடமாக 'கெய்ஷா' நடக்கும் ஒரு மாகாண அரங்கைத்தான் தேர்ந்தெடுத்தார். 1899இல் சீனாவை வைத்து 'சான் டாய்' வந்தது, 768 காட்சிகள். 1902இல் வந்த 'எ கன்ட்ரி கேர்ள்' ஆங்கிலக் கிராமத்துக் கதை என்றாலும் அதிலும் ஒரு ராஜா வந்துபோனார், 729 காட்சிகள். அடுத்த கிழக்குக் கதைக்கு எட்வர்ட்ஸின் பட்டறை இலங்கையைத் தேர்ந்தெடுத்தது.

பட்டறை என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. அங்கே வேலை பிரித்துத்தான் நடந்தது. கதைக்கட்டு ஜேம்ஸ் டானருடையது. எந்தக் காட்சியில் யார் வர வேண்டும், எங்கே பாட்டு விழ வேண்டும் என்று சட்டகம் அமைப்பதில் கைதேர்ந்தவர். பாட்டு வரிகள் இருவருடையவை. ஒருவர் ஏட்ரியன் ராஸ், அது புனைபெயர். இயற்பெயர் ஆர்தர் ரோப்ஸ், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் வரலாறு படித்து அங்கேயே ஃபெலோவாக இருந்தவர். மற்றவர் பெர்சி கிரீன்பேங்க், 'கெய்ஷா'வுக்கு வரிகள் எழுதி இளவயதில் இறந்துபோன ஹாரி கிரீன்பேங்கின் தம்பி. இசை லயனல் மங்க்டன். கூடுதல் பாடல்கள் பால் ரூபன்ஸ். நாடகம் ஓட ஓடப் பாட்டுகளை மாற்றுவதும் சேர்ப்பதும் இந்தப் பட்டறையின் வழக்கம். ஏற்கெனவே பார்த்தவர்களை மறுபடி வரவழைக்க அது உதவியது.

மங்க்டனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லண்டன் நகரமன்றச் செயலாளரின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, வழக்கறிஞராகி, பத்திரிகைகளுக்கு நாடக விமர்சனம் எழுதியவர். இசையை முழுநேரத் தொழிலாக எடுத்தது பிறகுதான். அவருடைய மெட்டுகள் ஒரு முறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த எளிமைக்கு அடியில் ஒரு மெல்லிய ஏக்கம் இருக்கும். மகிழ்ச்சியான வரிக்கு நடுவே சுரம் சற்றுத் தாழ்ந்து ஒரு நிழல் விழும். 1909இல் வந்த 'தி ஆர்கேடியன்ஸ்', 1910இல் வந்த 'தி குவேக்கர் கேர்ள்' ஆகிய நாடகங்களில் அந்தத் திறன் உச்சத்தைத் தொட்டது. அந்தக் காலத்து ஆங்கில மெல்லிசையில் அவருக்கு இணையாக நான் சிலரைத்தான் சொல்வேன். 'சிங்களீ'யைக் குறை சொல்லும்போதும் அதன் இசையை இகழ எனக்கு மனம் வராது. அதில் உண்மையான கலைஞன் ஒருவனின் உழைப்பு இருக்கிறது.

கதையும் வேடங்களும்

கதை இதுதான். ஹாரி வெரேக்கர் ஓர் ஆங்கிலத் தோட்டத் துரை. அவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நானோயா மேல் அவருக்குக் காதல். நானோயா சாதாரணத் தொழிலாளி இல்லை, சொத்துக்கு உரிமையுள்ள பெண். குழந்தைப் பருவத்திலேயே கண்டிப் பிரபு பூபாம்பாவுக்கு மணம் பேசப்பட்டவள். அதிலிருந்து தப்பி ஓடிவந்து தோட்டத்தில் மறைந்து வாழ்கிறாள். அவளையும் ஒரு கருமுத்தையும் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு வழக்கறிஞர் சம்புடி ராமின் தலையில் விழுகிறது. முதல் அங்கம் தோட்டத்தில். இரண்டாம் அங்கம் கண்டி ஏரிக்கரையில் பிரபுவின் மாளிகையில். கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சீமாட்டியும் அவளுடைய தோழியும் உண்டு. நானோயா என்ற பெயர், நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் நானுஓயா ரயில் நிலையத்தை நினைவூட்டுகிறது. பூபாம்பாவின் முழுப்பெயரில் 'செட்டூர்' என்று ஒரு துண்டும் 'பாய்' என்று ஒரு துண்டும் இருக்கின்றன. தீவில் காதில் விழக்கூடிய பெயர்களை எல்லாம் கலந்து எடுத்த கை அது.

நடிகர்கள் எல்லாரும் டேலீஸின் ஆஸ்தான ஆட்கள். துரையாக நடித்த ஹெய்டன் காஃபின், 1886இல் வந்த 'டாரதி' நாடகத்திலிருந்தே பெண் ரசிகர்களின் கனவு நாயகன். நானோயாவாகச் சிபில் அருண்டேல். சீமாட்டியாக, சவாய் ஓப்பராக்களில் பாடிப் பெயரெடுத்த இசபெல் ஜே. கண்டிப் பிரபுவாக ரட்லண்ட் பாரிங்டன், வழக்கறிஞராக ஹன்ட்லி ரைட்.

கடைசி இருவரின் பாதையைப் பார்த்தாலே இந்த நாடகத்தின் குலவரிசை தெரியும். பாரிங்டன் 1885இல் கில்பர்ட்-சல்லிவனின் 'மிக்காடோ'வில் பூ-பா என்ற ஜப்பானிய அதிகாரியாக முதன்முதலில் நடித்தவர். 1899இல் 'சான் டாய்' நாடகத்தில் சீன மாண்டரின். 1902இல் 'கன்ட்ரி கேர்ள்' நாடகத்தில் ராஜா. 1904இல் கண்டிப் பிரபு. ரைட் 1896இல் 'கெய்ஷா'வில் தேநீர் விடுதி நடத்தும் சீனர், 'சான் டாய்' நாடகத்தில் லீ என்ற சீனர், இப்போது தெற்காசிய வழக்கறிஞர். அதே நடிகர்கள், அதே அரங்கு, அதே ரசிகர்கள். நாடு மட்டும் மாறியது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இலங்கைக்கும் உள்ள வேறுபாடு ஆடை அலங்காரத்தில் தீர்ந்துபோயிற்று.

அந்த மேடை இலங்கை எதைக் கொண்டு கட்டப்பட்டது என்று பார்த்தால் மூன்று பொருள்கள் தென்படும். தேயிலைத் தோட்டம் களம். கறுவா மரத்தைப் பற்றி ஒரு பாட்டு. கருமுத்து கதையின் முடிச்சு. தேயிலை, கறுவா, முத்து என்ற மூன்றுமே தீவிலிருந்து கப்பலேறிய சரக்குகள். கறுவா மேற்கு, தெற்குக் கடலோரச் சமவெளிப் பயிர். மலையில் தேயிலைக்குப் பக்கத்தில் வளர்வதில்லை. முத்து மன்னார் வளைகுடாவில் குளிக்கப்பட்டது. 1903 முதல் 1905 வரை அந்த வளைகுடாவில் பெரிய முத்துக்குளிப்புகள் நடந்தன. பத்திரிகை வாசிப்பவர்களின் மனதில் இலங்கை முத்து புதிதாக மின்னிக்கொண்டிருந்த நேரம். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் மூன்று நிலங்கள் டேலீஸ் மேடையில் ஒரே தோட்டமாயின. துறைமுகத்து ஏற்றுமதிக் கணக்குதான் அந்த மேடைக்கு வரைபடம்.

சரக்கை வைத்து ஒரு நாட்டைக் கற்பனை செய்தால் அந்தச் சரக்கை எடுத்துத் தந்த கைகள் கண்ணில் படாமல் போகும். முத்துக்குளித்தவர்களில் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துத் தமிழர்களும் அரபியரும் இருந்தார்கள். கறுவாப்பட்டை உரிப்பது சிங்களச் சலாகம சாதியாரின் பரம்பரைத் தொழில். தேயிலை பறித்தவர்கள் யார் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேடைக்கு வராத மலை

மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தார் தங்கள் வயலை விட்டுவிட்டுத் தோட்டத்தில் குடியிருந்து கூலி வேலை செய்ய விரும்பவில்லை. ஆகவே காப்பிக் காலத்திலிருந்தே தோட்டக்காரர்கள் தமிழகத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். ஆள்கட்டும் பொறுப்பு கங்காணியுடையது. அவர் சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தம், சாதி, ஊர்ப்பழக்கம் எல்லாவற்றையும் பயன்படுத்திக் குடும்பங்களைத் திரட்டுவார். முந்தைய தலைமுறை இராமேசுவரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தது. தாகமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அந்தப் பாதையோரத்தில் எத்தனையோ பேரைப் பலிகொண்டன. 'சிங்களீ' அரங்கேறிய காலத்தில் பெரும்பாலோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு வந்து, ராகமை முகாமில் தொற்றுநோய்ச் சோதனை முடிந்து, மலைக்கு ஏற்றப்பட்டார்கள். வழியில் கைமாறிப் போகாமலிருக்கத் தோட்ட எண் பொறித்த தகர வில்லையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். டின் டிக்கெட் என்று அதற்குப் பெயர்.

வந்து சேர்ந்ததும் முன்பணம் கடனாயிற்று. தோட்டம் மாற வேண்டுமானால் புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைக்க வேண்டும். அதற்கான சீட்டுதான் துண்டு. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. குடியிருப்பு லயம்: நீளக் கட்டடம், வரிசையாக அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்கே கங்காணி ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புவார். முதுகில் கூடை, அதன் கயிறு தலையில். மழையானாலும் அட்டை கடித்தாலும் கொழுந்து நிறுவைக்குக் குறையக்கூடாது; குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கும் அதிகாரத்தின் கடைசிப் படியில் அந்தப் பெண்.

1911 கணக்கெடுப்பில்தான் இந்தியத் தமிழர்கள் என்று தனியாக எண்ணினார்கள். ஏறத்தாழ 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். அதற்கு ஏழாண்டு முன்னால், அந்த உழைப்பைக் காட்ட லண்டன் மேடை எடுத்துக்கொண்ட பெயர் 'சிங்களப் பெண்'. ராஸுக்கோ டானருக்கோ இதில் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு தீவுக்கு ஒரு மக்கள் என்று எளிமையாக எண்ணிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த எளிமையின் விலை பெரிது. நாடகத்தில் கொழுந்து பறிப்பவள் உண்மையில் மறைந்து வாழும் செல்வப் பெண். அந்த வேலையிலிருந்து அவளைக் கதை மீட்டுவிடுகிறது. அந்த வேலையிலேயே பிறந்து, அந்த வேலையிலேயே முதுகு வளைந்து, அந்த மலையிலேயே புதைந்த பெண்ணுக்கு அந்தக் கதையில் இடமில்லை. அவள் இருந்தால் கதை இனிக்காது.

அவளுக்கும் நாடகம் உண்டு. மாசி மாதத்தில் லயத்துக் களத்தில் காமன் கூத்து ஆடினார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாவதும், ரதி புலம்பி உயிர்ப்பிச்சை கேட்பதும் விடியவிடிய நடக்கும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதைகளும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அவர்களோடு கடல் கடந்து போனவை. பறையும் ஒப்பாரியும் நேர்த்திக்கடனும் கலந்த அந்தக் கலை, டிக்கெட் இல்லாமல், பகலெல்லாம் மலையேறிய உடம்புகளால் ஆடப்பட்டது. லண்டனுக்கு மலையகத்தின் பாட்டு வேண்டியிருந்தால் அது இல்லாமல் இல்லை. கேட்பார்தான் இல்லை.

அதே ஆண்டு, அதே தீவு

'சிங்களீ' ஓடிய அந்த ஓராண்டில் இலங்கையில் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனந்த குமாரசுவாமி அப்போது இலங்கையின் கனிம ஆய்வுத் துறை இயக்குநராக மலைநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். பாறைகளைத் தேடிப் போனவர் கண்டிக் கைவினைஞர்களைக் கண்டார். அந்த அனுபவம் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலானது. அவருடைய தந்தை சர் முத்து குமாரசுவாமி 1863இலேயே அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி லண்டனில் நூலாக வெளியிட்டவர். இலங்கைத் தமிழர் ஒருவர் தன் மரபின் நாடகத்தை லண்டன் வாசகர் கையில் கொடுத்து நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் டேலீஸில் பூபாம்பா பிறந்தார்.

கொழும்பில் ஜான் டி சில்வா என்ற வழக்கறிஞர் சிங்கள மேடைக்குப் புத்துயிர் ஊட்டிக்கொண்டிருந்தார். விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசைக்கலைஞரை வரவழைத்து ராக மெட்டுகளில் பாடல் அமைத்தார். 1906இல் அவர் எடுத்த கதை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி மன்னன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். கண்டி ஏரியை வெட்டுவித்தவனும் அவன்தான். 1815இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள்; 1832இல் அங்கேயே இறந்தான். 'சிங்களீ'யின் இரண்டாம் அங்கம் எந்த ஏரிக்கரையில் சிரிப்பும் பாட்டுமாக நடந்ததோ, அந்த ஏரியை வெட்டியவனின் கல்லறை இன்றும் வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஒரே இடத்தைக் கொழும்பு மேடை வரலாறாகப் பார்த்தது, லண்டன் மேடை அலங்காரமாகப் பார்த்தது.

1904 கடைசியில் லெனார்ட் வுல்ஃப் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி சிவில் சர்வீஸ் பணிக்காக லண்டனை விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார். டேலீஸில் 'சிங்களீ' அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்த முதல் ஊர் யாழ்ப்பாணம். 1906இல் முத்துக்குளிப்பு முகாமில் வேலை பார்த்தார். பின்பு அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமங்களைக் கண்டார். 1913இல் அவர் எழுதிய 'காட்டுக்குள் ஒரு கிராமம்' நாவலில் துரைமார் நாயகர்கள் இல்லை. பசியும் கடனும் வழக்கும் தின்று தீர்க்கும் சிங்கள விவசாயக் குடும்பம்தான் கதை. ஓர் ஆங்கிலேயரால் இலங்கையை அப்படியும் பார்க்க முடிந்தது. போய்ப் பார்த்தவருக்கும் பார்க்காமல் கற்பனை செய்தவர்களுக்கும் உள்ள தூரம் அது.

கடல் கடந்த பயணம்

1904 அக்டோபர் 24 அன்று 'சிங்களீ' நியூயார்க்கில் அரங்கேறியது. அந்த அரங்கின் பெயரும் டேலீஸ்தான். 33 காட்சிகளோடு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 7இல் ஜார்ஜ் கோஹன் தன் 'லிட்டில் ஜானி ஜோன்ஸ்' நாடகத்தை அதே நகரில் மேடையேற்றினார். அமெரிக்கத் தெருவின் பேச்சு, வேகமான தாளம், கொடி பறக்கும் தேசப் பெருமிதம். முதல் ஓட்டத்தில் அதுவும் பிரமாதமாக ஓடவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரிந்தது. லண்டனிலிருந்து இறக்குமதியான கிழக்கு அலங்காரத்தின் கவர்ச்சி அங்கே வடிந்துகொண்டிருந்தது.

லண்டனிலும் 365 என்ற எண்ணை எட்வர்ட்ஸின் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு எவருக்கும் அது பெரிய வெற்றி. 'கெய்ஷா', 'சான் டாய்', 'கன்ட்ரி கேர்ள்' ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிதான். சரக்கு மாறினாலும் செய்முறை பழையது என்று ரசிகர்களுக்கு அலுத்திருக்க வேண்டும். டேலீஸில் அடுத்து வந்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸாஜேயின் நாடகம். 1907 ஜூன் 8இல் வியன்னாவிலிருந்து லெஹாரின் 'தி மெர்ரி விடோ' வந்தது, 778 காட்சிகள். வால்ட்ஸ் இசை லண்டனைச் சுழற்றியது. டேலீஸின் கிழக்குக் கதை வரிசையில் 'சிங்களீ'யே கடைசிப் பெரிய முயற்சி என்று சொல்லலாம்.

மேடையிலிருந்து இறங்கிய பிறகும் இப்படிப்பட்ட நாடகம் உடனே சாவதில்லை. சாப்பல் நிறுவனம் வெளியிட்ட பியானோ இசைப்பிரதி வீட்டு வரவேற்பறைகளுக்குப் போயிற்று. 'தி ப்ளே பிக்டோரியல்' இதழ் நாடகத்துக்குப் படங்களோடு சிறப்பிதழ் போட்டது. வேடமணிந்த நடிகைகளின் படங்கள் தபால் அட்டைகளாகின. அந்தப் பிரதிகளும் அட்டைகளும் இன்றும் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. எட்வர்ட்ஸின் நாடகங்களை மாரிஸ் பாண்ட்மன் போன்றவர்கள் ஜிப்ரால்டரிலிருந்து கல்கத்தா, கொழும்பு வழியே தூர கிழக்குவரை சுற்றுக்குழுக்களாகக் கொண்டுபோனார்கள். காலனி நகரங்களில் இருந்த ஆங்கிலேயர்கள் லண்டனைப் பிரிந்த ஏக்கத்தை அந்தக் குழுக்களைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

பிறகு காலம் மாறியது. எட்வர்ட்ஸும் டானரும் 1915இல் இறந்தார்கள். ரூபன்ஸ் 1917இல், மங்க்டன் 1924இல். அமெரிக்க ராக்டைம் இசை லண்டனைப் பிடித்த பிறகு மங்க்டன் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். 1937இல் டேலீஸ் தியேட்டரை இடித்தார்கள். மறு ஆண்டு அங்கே வார்னர் சினிமா எழுந்தது. இன்றும் அந்த இடத்தில் திரையரங்குதான்.

இன்று எதற்கு

லண்டன் மேடையில் 1904இல் காலியாக விடப்பட்ட இடத்தைப் பிற்காலத்தில் தமிழே நிரப்பியது. தஞ்சாவூரிலிருந்து போன கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டு நுழைந்து, தொழிலாளர் நிலையைக் கண்டு எழுதினார். பத்திரிகை நடத்தினார், சங்கம் கட்டினார், 1930களில் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்று நாடகமே எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் துயரைப் பாடினார். 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் குரலை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். கூடை சுமந்தவள் இவர்கள் கையில் வேறு யாருடைய பெயரும் இல்லாமல், தானாகவே வந்தாள்.

அதற்குள் அரசியல் தன் பங்குக்கு அவளைக் கணக்கிலிருந்து நீக்கியது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 லட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையாகப் பிரித்தது. ஒரு லண்டன் நாடகம் இதற்குக் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் ஒரு மலையைப் பற்றிப் பேசும்போது அதில் உழைப்பவர்களை மறந்துவிட முடியும் என்ற பழக்கம் மேடைக்கும் சட்டமன்றத்துக்கும் பொதுவாக இருந்தது. மேடையில் அது இனிமையாகத் தெரிந்தது. சட்டத்தில் அது குடும்பங்களைக் கூறுபோட்டது.

இந்த நாடகத்தை மறந்துவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதன் இசைப்பிரதியை மலையக ஆய்வாளர்களும் நாடகக்காரர்களும் எடுத்துப் படிக்க வேண்டும். ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு பல்கலைக்கழகக் குழு மங்க்டனின் மெட்டுகளையும் காமன் கூத்தின் ரதி புலம்பலையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து நிகழ்த்தட்டும். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தேயிலையைச் சுற்றிப் பாடப்பட்ட பாட்டுகள். ஒன்று அதைக் குடித்தவர்களுடையது, மற்றது அதைப் பறித்தவர்களுடையது. நம் பிள்ளைகள் இரண்டையும் கேட்டு, மங்க்டனின் இசையை ரசித்து, அந்த மேடை யாரை விட்டுவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டால், 'சிங்களீ' பற்றி எழுத வேண்டிய மீதி வரலாற்றை அவர்களே எழுதுவார்கள்.